வருஷ வாக்குத்தத்த அட்டைகள்: கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்து ஆளுக்கு ஒன்றாய் எடுக்கிறோமே, வரும் வருஷத்துக்கான வாக்காக ஒரு வேதவசனத்தை அச்சிட்ட அந்த வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றியது இது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விசிட்டிங் கார்டு அளவில் கட்டாகவும், ரொட்டி வடிவப் பிளாஸ்டிக் பெட்டியிலும் கிடைக்கின்றன. தாளிலும் அச்சிலும் பெரிய குறை இல்லை. வசனத்தை எங்கே வெட்டுகிறார்கள் என்பதில்தான் குறை.

கட்டைப் பிரித்ததும் எரேமியா 29:11-ஐத் தேடுங்கள். அநேகமாக இருக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அந்த வாக்கு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் சொன்னது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்றான். அது பொய் என்றார் எரேமியா. கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் அந்த எழுபது வருஷ முடிவைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. அவர்களிடமும் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்றே கர்த்தர் சொன்னார். இவ்வளவையும் விட்டு ஒரு வரியை மட்டும் கொடுத்தால், மகனுக்கு இந்த வருஷமே வேலை என்று ஒரு தாய் அதைப் பிடித்துக்கொள்கிறாள். டிசம்பர் வந்தும் வேலை வராவிட்டால், தன் விசுவாசம்தான் போதவில்லை என்று நொந்துபோகிறாள். அட்டை செய்கிற மெய்யான சேதம் இது.

அடுத்து 3 யோவான் 2. காயு என்ற விசுவாசிக்கு யோவான் எழுதிய வாழ்த்து அது. "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல" என்ற பகுதியை விட்டு, "எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அந்தக் கட்டை வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். உபாகமம் 28:13-லும் இப்படித்தான்: தலையாக்குவார் என்பது இருக்கும், கட்டளைகளைக் கைக்கொள்வது இருக்காது. பிலிப்பியர் 4:13-ஐ 12-ஆம் வசனத்தோடு அச்சிட்டவர்களைத் தாராளமாக நம்பலாம். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் தெரியும் என்று சிறையில் கட்டுண்டிருந்த பவுல் சொன்ன பிறகுதான் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது வருகிறது.

ஆபகூக் 3:17, 18 இருக்கிற கட்டு கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். அத்திமரம் துளிர்விடவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடில்லை. ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறான் தீர்க்கதரிசி ஆபகூக். கடன்பட்ட வீட்டுக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் துணிந்து கொடுக்கக்கூடிய வசனம் இது. சின்ன அட்டையில் அடங்காது என்பதால்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1731 முதல் அச்சாகிவரும் தினவசனப் புத்தகத்தின் முறை நல்ல முன்மாதிரி. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துத் தெரிந்தெடுத்துக் கூடவே வைக்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்பதால், வருஷம் முழுவதையும் ஒரே வரியில் தொங்கவிட வேண்டியதில்லை.

சபையே அச்சடிப்பதானால் போஸ்ட்கார்டு அளவு எடுங்கள். எழுத்து 12 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், வயதானவர்களால் படிக்க முடியாது. முன்பக்கம் முழு வசனம். பின்பக்கம் யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று இரண்டு வரி. அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புமுன் எழுத்துகளைக் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக) மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் அங்கே எழுத்துரு மாறி கொம்பும் காலும் இடம்பெயர்ந்துவிடும். புரூஃபை (மாதிரி அச்சை) வேதாகமத்தைத் திறந்துவைத்து இரண்டு பேர் சரிபாருங்கள், அதிகார எண்ணையும் சேர்த்து. லேமினேஷன் பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும், பளபளப்பில் பேனா வழுக்கும். ஜெபக்குறிப்பு எழுதப் பின்பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டால் அட்டை வருஷம் முழுக்க வேதாகமத்துக்குள்ளேயே இருக்கும்.