உருளைப்புழு ஆய்வுக்கு காக்ஸ்1 மரபணுவா, மைக்ரோசாட்டிலைட்டா?

மனிதக் குடல் உருளைப்புழுவின் மரபணு வேறுபாட்டை ஆராய எதை எடுப்பது என்று தயங்குகிறீர்களா? காக்ஸ்1 என்பது செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணு. மைக்ரோசாட்டிலைட் என்பது டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம்.

செலவு: காக்ஸ்1-க்குக் குறைவு, ஒரே மரபணுவைப் பெருக்கி வாசித்தால் போதும். மைக்ரோசாட்டிலைட்டுக்கு டிஎன்ஏவில் இப்படிப் பல இடங்களை அளக்க வேண்டும்.

மாதிரி: மைக்ரோசாட்டிலைட்டுக்குத் தலைப்பக்கத் தசையை மட்டும் வெட்டுங்கள். பெண்புழுவின் கருப்பை கலந்தால் ஆண்புழுவின் டிஎன்ஏவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

தகவல்: இங்கேதான் பெரிய வித்தியாசம். காக்ஸ்1 தாய்வழியில் வருவது. மனிதப் புழு பன்றிப் புழுவோடு இனக்கலப்பு அடைந்ததை அதை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. குவாத்தமாலாவிலும் சீனாவிலும் அந்த இனக்கலப்பை மைக்ரோசாட்டிலைட்தான் காட்டியது. நேபாளத்தின் ஜிரியில் ஒரே வீட்டாரின் புழுக்கள் மரபணுவில் நெருங்கியிருந்ததும் அப்படித்தான் தெரியவந்தது.

சரி, நாடுகளுக்கிடையே ஒப்பிட காக்ஸ்1 எடுங்கள். உலகெங்கும் பதிவான காக்ஸ்1 டிஎன்ஏ வரிசைகள் ஏராளம். ஊருக்குள் தொற்று எங்கே சுற்றுகிறது என்று தேடுபவருக்கு, செலவானாலும் மைக்ரோசாட்டிலைட்.