டாகெட்: மருத்துவ ஆய்வுக் குழுவில் இருக்கும் சமூகவியலாளருக்குப் போதுமா?

சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று ஒரு குழு ஆராய்ந்தால், நேர்காணல்களைப் படித்து வகைப்படுத்தும் வேலை சமூகவியலாளர் தலையில்தான் விழும். அதை டாக்டருக்கும் புள்ளியியலாளருக்கும் புரியும்படி கொடுக்கவும் வேண்டும். இந்த வேலைக்கான மென்பொருள்களில் என்விவோ, அட்லஸ் டிஐ, மேக்ஸ்கியூடிஏ எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை. டாகெட் இலவசம், திறந்த மூல மென்பொருள். வரியைத் தேர்ந்தெடுத்து டேக், அதாவது வகைப்பெயர், போடுவதுதான் அதன் வேலையே. பல திட்டங்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

விண்டோஸுக்கும் மேக்குக்கும் நேரடி இன்ஸ்டாலர் உண்டு. லினக்ஸில் பைத்தான் நிரல்மொழி வழியாக நிறுவ வேண்டும், கூடவே காலிபர் என்ற மென்பொருளும் இருக்க வேண்டும். கோப்புகளை மாற்றித் தருவது அதுதான். பிரவுசரில் திறந்தாலும் எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. பலர் சேர்ந்து வேலை செய்ய டாகெட்டின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கலாம். ஆனால் நோயாளிகளின் பேச்சை வெளி சர்வரில் ஏற்றுமுன், ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினீர்கள் என்று பாருங்கள். நிறுவனத்தின் சொந்த சர்வரில் போட்டுக்கொள்வதே பத்திரம்.

தமிழ் நேர்காணல்களில் சிக்கல் தொடங்குவது கோப்பில். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை உள்ளே போனதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிடிஎஃப் வேண்டவே வேண்டாம்: கொம்பும் காலும் இடம் மாறிச் சொற்கள் சிதையும். வேர்ட் கோப்பாகவே கொடுங்கள். ஏற்றிய பிறகு உரையைத் திருத்த வழியில்லை. ஊர், பெயர், ஆஸ்பத்திரி எண் எல்லாவற்றையும் முன்பே நீக்கிவிட வேண்டும்.

வயது, பாலினம் போன்ற விவரங்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அதனால் கோப்பின் பெயரிலேயே அடைத்துவிடுங்கள்: ‘07_பெண்_கிராமம்_இன்சுலின்’. எக்ஸெலுக்கு எடுத்ததும் அடிக்கோட்டை வைத்து நான்கு நெடுவரிசைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். டேக் பெயரிலும் ‘செலவு.பயணம்’, ‘செலவு.மருந்து’ என்று புள்ளி வைத்தால் ஒரே குடும்பம் அடுத்தடுத்து நிற்கும். ஒவ்வொரு டேக்குக்கும் விளக்கம் எழுத இடம் உண்டு. எது சேரும், எது சேராது என்று இரண்டும் எழுதுங்கள். நர்சும் சமூகவியலாளரும் ‘ஆதரவு’ என்பதை ஒரே பொருளில் படிக்க மாட்டார்கள்.

எக்ஸெலுக்கு எடுத்து பிவட் டேபிள் (எக்ஸெலின் சுருக்க அட்டவணை) போட்டால், நெடுவரிசையில் டேக், கிடைவரிசையில் நோயாளி என்று, நேர்காணல்களை அட்டவணையாக்கி ஆராயும் ஃப்ரேம்வொர்க் முறையின் அட்டவணைக்கு எலும்புக்கூடு கிடைத்துவிடும். டாக்டர்கள் சட்டென்று பிடித்துக்கொள்ளும் வடிவம் அது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) எடுக்காதீர்கள், எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் உடைந்து தெரியலாம்.

டேக்கின் பக்கத்தில் ஒரு எண் தெரியும், 14 என்று வைத்துக்கொள்வோம். ‘14 பேர் சொன்னார்களா?’ என்று கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். அது ஆட்களின் எண்ணிக்கையல்ல, குறித்த துண்டுகளின் எண்ணிக்கை. நிறையப் பேசும் ஒருவரே அத்தனையையும் சொல்லியிருக்கலாம். ஆள் கணக்கு வேண்டுமென்றால் அந்த டேக்கில் எத்தனை கோப்புகள் வருகின்றன என்று எண்ண வேண்டும். எக்ஸெலில் வரிகளை எண்ணுவதும் ஏமாற்றும்: ஒரு துண்டுக்கு இரண்டு டேக் போட்டிருந்தால் அது இரண்டு வரியாக வரும்.

பெரிய ஓட்டை, யார் எதைக் குறித்தார் என்பது திரையில் தெரியாதது. நேர்காணல் ஆய்வை எப்படிச் செய்தீர்கள் என்று சரிபார்க்க மருத்துவ இதழ்கள் பல கேட்கும் கோரெக் பட்டியலின் 32 கேள்விகளில் கோடிங் (டேக் போடும் வேலை) செய்தவர் எத்தனை பேர் என்பதும் ஒன்று. எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம், இருவரும் எங்கே ஒத்துப்போனார்கள் என்று டாகெட் காட்டாது. மாற்று வழி: டேக் பட்டியலை ஏற்றுமதி செய்து, ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் திறந்து, அதே மூன்று நேர்காணல்களைக் குறிக்கச் சொல்லி, இரண்டு எக்ஸெல் கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். இதழின் மதிப்பீட்டாளர் கப்பா எண் (இருவர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று காட்டும் அளவு) கேட்டால், ஒரு பாராவை அலகாக முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரை வரியும் மற்றவர் அரைப் பக்கமும் குறித்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. (இந்த வகை ஆய்வில் கப்பா தேவையா என்பது வேறு சண்டை.)

ஓரக்குறிப்பு எழுத வசதியில்லை என்பது கோட்பாடு சார்ந்து வேலை செய்பவர்களை உறுத்தும். தனியாக ஒரு வேர்ட் கோப்பு வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. ஆடியோ, வீடியோ, படம் எதுவும் ஏறாது. அவையும் கப்பாவும் அவசியம் என்றால் இன்னொரு இலவச மென்பொருளான குவால்கோடரைப் பாருங்கள். தோற்றம் கரடுமுரடு, கற்க நாளாகும்.

பின்னால் என்விவோவுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கினால் கவனம். க்யூடிசி என்ற, மென்பொருள்களுக்கிடையே டேக் பட்டியலைப் பரிமாறும் கோப்பு வடிவில் டேக் பட்டியல் மட்டும்தான் போகும். குறித்த துண்டுகள் கூடவே போகாது. மாறுவதானால் முதல் நாலைந்து நேர்காணலுக்குள் மாறிவிடுங்கள்.