ஏ2 போர்ட்ஃபோலியோ பை: வண்ணத்துக்குச் சரி, கரிக்கு ஆகாது

கலைக் கல்லூரியின் அறிமுகக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் படங்களையும் கொண்டுவரலாம், ஆசிரியர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள் என்றார்கள். அதற்காக வாங்கியதுதான் இந்தப் பை. கறுப்பு நிறம், மூன்று பக்கமும் ஜிப், உள்ளே வளையத்தில் கோர்த்த பத்துப் பிளாஸ்டிக் உறைகள். வெளியே போய்வந்தது ஒரே நாள்தான். ஆனால் அதற்கு முந்திய மூன்று வாரமும் இதோடுதான் குடித்தனம்.

முதலில் அளவு. ஏ2 என்றால் 420க்கு 594 மில்லிமீட்டர். வாட்டர் கலர் தாளில் முழு ஷீட் 22க்கு 30 அங்குலம், உள்ளே போகாது. அரை ஷீட், அதாவது 15க்கு 22, தாராளமாக நுழையும். கொஞ்சம் அதிகமாகவே தாராளம்: பையைத் தூக்கி நடந்தால் தாள் நழுவி ஒரு மூலையில் போய்ச் சாய்ந்துகொள்கிறது. உறை அளவுக்கு அட்டை வெட்டி, படத்தின் மேல் விளிம்பை மட்டும் பேப்பர் டேப்பால் அதில் ஒட்டிச் செருகினேன். அப்புறம் அசையவில்லை. முழு ஷீட் படங்கள் இரண்டைப் போட்டோ எடுத்து அச்சிட்டு, கீழே உண்மையான அளவை எழுதி வைத்தேன்.

என் கோபமெல்லாம் உறைகள் மேல்தான். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும், கரித்தூளை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸேட்டிவ் அடித்திருக்கிறோமே என்ற தைரியத்தில், பாட்டியின் கைகளைச் சார்கோலில், அதாவது கரியில், வரைந்த படத்தை உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து உருவினால், உறையின் உட்புறத்தில் பாட்டியின் விரல்கள் இடவலம் மாறி மங்கலாகப் பதிந்திருக்கின்றன. படத்திலோ நிழல்களெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. ஒரு முழு இரவு உட்கார்ந்து கருமை ஏற்றினேன். இம்முறை ஃபிக்ஸேட்டிவை ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரேயடியாக நனைக்காமல், மெல்லிசாக இரண்டு தடவை, நடுவில் காயவிட்டு அடித்தேன். மேலே பட்டர் பேப்பர் போர்த்தி, பையின் பின்பக்கத்தில் இருக்கும் தட்டையான பாக்கெட்டில் வைத்தேன். அந்தப் பாக்கெட்டுக்கு முழு மதிப்பெண்.

வளையம் இருப்பதால் படங்களின் வரிசையை இஷ்டத்துக்கு மாற்றலாம். நான் கிளம்பும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன், அது பையின் குற்றமல்ல. ஆனால் நெடுக்குப் படமும் கிடைப் படமும் மாறி மாறி வந்தால் ஒவ்வொரு முறையும் மொத்தப் பையையும் திருப்ப வேண்டும். மேஜையில் பக்கத்து மாணவியின் தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிவிட்டேன். நல்லவேளை, மூடியிருந்தது. கிடைப் படங்களை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

படம் பார்த்த ஆசிரியர் ட்யூப் லைட் பளபளப்புக்குப் பையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு, "வெளியே எடுக்கலாமா?" என்று கேட்டார். அட்டையோடு இறுக்கமாகச் செருகியது லேசில் வருமா? பதினைந்து நிமிட நேரத்தில் இரண்டு நிமிடம் இழுபறியிலேயே போனது. மூன்றாவது படத்தோடு அவரே பையின் பின் பாக்கெட்டிலிருந்து ஸ்கெட்ச் புக்கை எடுத்துக்கொண்டார். தூங்கும் பூனையை நான் திரும்பத் திரும்ப வரைந்த பக்கங்களில்தான் மீதி நேரம் கழிந்தது. எல்லாவற்றிலும் பின்னங்காலை ஏன் துணியால் மூடிவிட்டாய் என்று கேட்டார். எனக்கு வரையத் தெரியாததுதான் காரணம், சொல்லிவிட்டேன். மூன்று வாரம் அடுக்கிய பத்து உறைகளில் ஏழு திறக்கப்படவே இல்லை.

தையல், ஜிப், கைப்பிடி எதிலும் பழுதில்லை. வாட்டர் கலர், அச்சுப் பிரதி, டிஜிட்டல் வேலை என்றால் வாங்கலாம். சார்கோல், பேஸ்டல்காரர்கள் உறையில்லாத தட்டைப் பையாகப் பார்த்து வாங்குங்கள். நான் உறைகளைக் கழற்றிவிட்டேன். வளையத்தை மட்டும் கழற்ற வழியில்லை, படம் அதில் அழுந்தாமலிருக்க நடுவே ஒரு தடித்த அட்டையை வைத்து ஓட்டுகிறேன்.