1200 கலோரியில் சத்துக் கணக்கு: குறைப்பதா, மாத்திரையா, மாற்றுவதா?

எடை குறைக்க நாளுக்கு 2000 கலோரியிலிருந்து 1200-க்கு இறங்கும் பலர் செய்வது, அதே சாப்பாட்டை அளவு குறைத்துச் சாப்பிடுவது. உணவு 40 சதவீதம் குறைந்தால் சத்தும் அதே அளவு குறையும். 900 மில்லிகிராம் கால்சியம் கிடைத்த இடத்தில் இனி 540, தேவையோ 1000. புரதமும் பற்றாமல் போய், கொழுப்போடு தசையும் கரையும். சுலபம் என்பதைத் தவிர இந்த வழிக்கு வேறு பெருமையில்லை.

அடுத்தது, குறைத்துச் சாப்பிட்டுவிட்டு மல்டிவிட்டமின் மாத்திரை போடுவது. பி12, வைட்டமின் டி, அயோடின் போல நுண்ணளவில் தேவைப்படுபவற்றுக்கு இது சரி. ஆனால் 1000 மில்லிகிராம் கால்சியத்துக்கு இரண்டரை கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். எல்லாச் சத்தும் சேர்ந்த ஒரே மாத்திரைக்குள் அது எங்கே அடங்கும்? புரதமும் நார்ச்சத்தும் அதில் கிடையாது, பொட்டாசியம் பெயருக்குத்தான். இரண்டாகப் போட்டால் இரட்டிப்புப் பலன் என்பதும் தப்புக்கணக்கு. ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ நாளுக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது; தாண்டினால் கல்லீரலுக்குக் கேடு, கர்ப்பிணியானால் கருவுக்கும்.

உணவையே மாற்றியமைப்பதுதான் எங்கள் தேர்வு. கொழுப்பு நீக்கிய பால் அரை லிட்டர், வேகவைத்த பருப்பு 200 கிராம், முட்டை 2, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், கீரையும் காயும் 400 கிராம்: எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 840 கலோரி, புரதம் 80 கிராமுக்கு அருகில். எடைக் குறைப்பின்போது கிலோ எடைக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 60 கிலோ ஆளுக்கு 72 கிராம் போதும். மிச்சக் கலோரியில் பழம் இரண்டு, கொஞ்சம் தானியம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன். எண்ணெயை அறவே விடாதீர்கள். ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும்.

இங்கேயும் ஓட்டை உண்டு. பாலில் 600 மில்லிகிராம் கால்சியம் வந்துவிடும்; மீதியைப் பசலைக்கீரையில் தேடினால் ஏமாற்றம்தான். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் 5 சதவீதம்போலத்தான் உடலில் சேரும். பாலிலிருந்து 30 சதவீதம். இன்னொரு கோப்பை தயிர் நல்லது. இரும்பு இன்னும் கடினம்: மேற்சொன்ன பட்டியல் 12 மில்லிகிராம் அளவுக்குத்தான் தரும், மாதவிடாய் உள்ள பெண்ணுக்கோ 18 வேண்டும். இரத்தப் பரிசோதனை பார்த்து இரும்பு மாத்திரை சேர்ப்பது இந்த இடத்தில்தான் நியாயம். அதை எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். தேநீர், காப்பி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. அசைவமே தொடாதவருக்கு, பால் முட்டையும் இல்லையென்றால், பி12 மாத்திரை கட்டாயம்.

உணவுக்குப் பதிலான சத்துப்பவுடர் பானம்? சமைக்க நேரமில்லாத ஒரு வேளைக்குச் சரி. மூன்று வேளையும் அதையே குடித்து 800 கலோரிக்குக் கீழே போவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு அதிகம்.