ஊசி போடும்போது அம்மா அப்பா உள்ளேயா, வெளியேயா?

குழந்தைக்கு ஊசி போடும் நேரத்தில் பல பெற்றோர் கதவருகே தயங்கி நிற்கிறார்கள்.

பயம், வலி
உள்ளே: மடியில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்தபடியே ஊசி போடலாம், வலி குறையும்.
வெளியே: மல்லாக்கப் படுக்கவைத்து, முன்பின் தெரியாதவர்கள் அழுத்திப் பிடிக்க வேண்டிவரும். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

செவிலியர் வேலை
உள்ளே: எப்படி உட்கார வேண்டும், எந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தரக் கொஞ்ச நேரம் கூடும்.
வெளியே: அது மிச்சம், அவ்வளவுதான்.

தடுப்பூசியின்போது 10 வயதுக்குட்பட்ட குழந்தையுடன் பெற்றோர் இருக்கட்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. ஊசியைக் கண்டால் தலைசுற்றுபவரா? சரி, வெளியே நில்லுங்கள். பாட்டியோ சித்தியோ உள்ளே போகட்டும். முடிந்ததும் ஓடிவந்து தூக்கிக்கொள்ளுங்கள்.