ஆர்சிங்க்கும் என் நாற்பது வரி ஸ்கிரிப்ட்டும்

தினமும் இரவு இரண்டரை மணிக்கு என் கணினியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) ஓடும். அன்றைக்கு மாறிய கோப்புகளை மட்டும் வாடகைச் சர்வர் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு அடங்கிவிடும். மொத்தம் நாற்பது வரி. அதில் வேலையைச் செய்வது ஒரே வரி, ஆர்சிங்க் (rsync) என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியை அழைப்பது. மற்றதெல்லாம் ஒவ்வொரு தடவை அடிபட்ட பிறகும் நான் சேர்த்துக்கொண்டே வந்தவை. அதனால் இது ஆர்சிங்க் பற்றிய மதிப்புரை மட்டுமில்லை, என் முப்பத்தொன்பது வரிகளைப் பற்றியதும்கூட.

நான் மின்னூல் செய்கிறவன். பழைய புத்தகங்களின் ஸ்கேன் படங்கள், பிழைதிருத்திய பிரதிகள், ஒரு சொல்லடைவுத் தரவுத்தளம் இவைதான் என் சொத்து. முதலில் எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் டார் மூட்டையாகக் கட்டி, ஜிசிப்பில் சுருக்கி, ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பியது. காலையில் எழுந்து பார்த்தால் பாதிகூடப் போயிருக்காது. ஒரு வரி திருத்தியதற்கு மொத்த மூட்டையும் மறுபடி போகும். சலித்துப்போய்த்தான் ஆர்சிங்க் பக்கம் வந்தேன்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட கருவி இது. சூட்சுமம் எளிமையானது. தொலைவில் உள்ள பழைய பிரதியை அந்தப் பக்கத்துச் சர்வரே துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கையொப்ப எண்களை அனுப்பும். ஒன்று சட்டென்று கணக்கிடக்கூடியது, மற்றது உறுதியானது. நம் பக்கத்துக் கணினி புதிய கோப்பை ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து பார்த்துக்கொண்டே போய், ஒத்துப்போகும் இடங்களுக்கு ‘உன்னிடம் உள்ள துண்டையே வைத்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒத்துப்போகாததை அனுப்பும். கோப்பின் தலையில் ஒரு பத்தியைச் செருகினாலும் கீழே உள்ளது எதுவும் மறுபடி போகாது. ஒரே கணினிக்குள் வட்டிலிருந்து வட்டுக்கு நகலெடுக்கும்போது இந்த வித்தையை அது செய்வதில்லை, முழுக்கோப்பையே எழுதிவிடும். பென்டிரைவில் சோதித்துவிட்டு ‘ஒன்றும் மிச்சமாகவில்லையே’ என்று திட்டியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது அடிபட்ட கதை. தொலைவில் இருப்பது அச்சு அசல் நகலாக இருக்க வேண்டும் என்று டெலீட் ஆப்ஷனைப் போட்டிருந்தேன். இங்கே அழித்தது அங்கேயும் அழியும். ஒரு நாள் காலை லாக்கைப் பார்த்தேன். வழக்கமாகப் பத்து நிமிடம் எடுக்கும் வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. பரவாயில்லையே, இணையம் வேகமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நடந்தது வேறு. யுஎஸ்பி கேபிள் தளர்ந்து, கோப்புகள் இருந்த வட்டு மவுண்ட் ஆகவே இல்லை, அதாவது கணினியோடு இணையவே இல்லை. ஆர்சிங்க் பார்த்தது ஒரு காலிக் கோப்புறையை. ‘எஜமான் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்போல’ என்று சர்வரில் இருந்ததையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிழை எண் பூஜ்யம், அதாவது பிழையே இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டது. வட்டு பிழைத்திருந்ததால் நானும் பிழைத்தேன். மறுபடி ஏற்ற ஒன்பது நாள் ஆனது.

அதில் ஆர்சிங்க் மேல் குற்றமே இல்லை. சொன்னதைச் செய்தது. அன்றைக்கு வந்த வரிகள்: முதலில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் வட்டு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நின்றுவிடு. மேக்ஸ்-டெலீட் 500 போடு. அதற்கு மேல் அழிக்க வேண்டியிருந்தால் மீதியில் கை வைக்காமல் 25 என்ற பிழை எண்ணோடு முடிக்கும். முக்கியமாக, ஒரே நகலை வைத்துக்கொண்டு கூத்தாடாதே. லிங்க்-டெஸ்ட் ஆப்ஷன் தேதிவாரியாகக் கோப்புறை வைக்க உதவுகிறது. மாறாத கோப்புக்கு முந்தைய நாள் பிரதியையே ஹார்ட் லிங்க்காக, அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயராகக் காட்டும். ஒவ்வொரு தேதிக்குள்ளும் போனால் எல்லாக் கோப்பும் இருக்கும். இடம் பிடிப்பது மாறியவை மட்டும். பழைய தேதியை அழித்தால் மற்றத் தேதிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கோப்புறைக்குப் பெயர் மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் புதுசு என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஸ்கேன் கோப்புறையின் பெயரில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு ஒரு வாரம் அனுபவித்தேன்.

தரவுத்தள விஷயத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தரவுத்தளத்தை டம்ப் (முழுப் பிரதி) எடுத்து, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் பைப் வழியாக ஜிசிப்புக்குக் கொடுக்கும் வரி. கடவுச்சொல் மாறியபின் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனால் பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் பார்க்கும்; ஜிசிப்போ காலி உள்ளீட்டைக்கூட வெற்றிகரமாகச் சுருக்கி 20 பைட் கோப்பு ஒன்றைத் தந்துவிடும். ஏழு வாரம், ஏழேழு நாற்பத்தொன்பது கோப்புகள், ஒவ்வொன்றும் 20 பைட். பாஷ் என்ற ஷெல்லில் பைப்ஃபெயில் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்லும். ஸ்கிரிப்ட்டின் இரண்டாவது வரியாக அதைப் போட்டிருக்கிறேன்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் சில விஷயம். ஆர்சிங்க்குக்குப் பெயர் எந்த மொழியானாலும் கவலையில்லை, பைட்டுகளை அப்படியே கொண்டுபோகும். அதுதான் சிக்கலும். ‘தொகுப்பு’ என்பதில் வரும் ஒகரக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய மேக் கோப்பு முறை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். விளைவு, என் சர்வரில் இரண்டு ‘தொகுப்பு’. பெயர்களின் எழுத்துக் குறியீட்டை மாற்றித்தரும் ஐகான்வ் ஆப்ஷன் இதைச் சரிசெய்யும், ஆனால் ஆர்சிங்க்கில் 2008இல் வந்த 3.0 பதிப்பு முதல்தான் அது உண்டு. மேக்கோடு நெடுங்காலம் வந்துகொண்டிருந்ததோ 2006ஆம் ஆண்டின் 2.6.9. புதியதைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

இன்னொன்று, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானிலிருந்து ஓடும்போது மொழி அமைப்பு எதுவும் இருக்காது. லாக்கில் தமிழ்ப் பெயர்கள் 340, 256 என்று எண் வரிசையாகக் கொட்டும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், லாக்தான் அப்படி. எட்டு என்ற ஒற்றை எண் ஆப்ஷனைச் சேர்த்தால் எழுத்தாகவே வரும். லினக்ஸில் பெயரின் நீளம் 255 பைட்; தமிழ்க் குறி (எழுத்தும் அதோடு சேரும் கொம்பு, கால், புள்ளியும் தனித்தனிக் குறிகள்) ஒவ்வொன்றும் மூன்று பைட். 85 குறிகளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகத் தலைப்புகளுக்கு இது போதவே போதாது.

போர்க், ரெஸ்டிக் என்ற காப்புநகல் கருவிகள் இரண்டையும் சில மாதம் பயன்படுத்தினேன். மறைகுறியாக்கம் உண்டு, பெயர் மாற்றினாலும் மறுபடி அனுப்பாது. ஆர்சிங்க்கில் இரண்டும் இல்லை. வழியில் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை பாதுகாக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் கோப்பு திறந்தபடிதான் கிடக்கும். சர்வர்க்காரரை நம்பாதவர்கள் அந்த இரண்டில் ஒன்றுக்குப் போவதே சரி. நான் திரும்பி வந்ததற்குக் காரணம், மீட்கும்போது எந்தக் கருவியும், கடவுச்சொல்லும் தேவைப்படாதது. தேதியைத் திறந்து கோப்பை எடுத்துக்கொள்ளலாம். கடைசியாகப் போன மாதம் எடுத்தேன், நாற்பது பக்கத் திருத்தம் இரண்டு நிமிடத்தில் திரும்பியது.

ஐந்துக்கு நாலரை. அந்த அரையைக் குறைத்தது மூலக் கோப்புறைப் பெயரின் பின்னால் வரும் சாய்கோட்டுக்காக. போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், விட்டால் கோப்புறையே போகும். இத்தனை வருடம் கழித்தும் ஒவ்வொரு முறையும் டிரை-ரன் (எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை) போட்டுப் பார்த்துத்தான் என்டர் தட்டுகிறேன்.