செஃபாலி டூயல்: நெற்றியில் ஒட்டும் ஒற்றைத் தலைவலிக் கருவி, வாங்குமுன் தெரிய வேண்டியவை

மாதத்துக்கு நாலு நாளுக்கு மேல் ஒற்றைத் தலைவலி வருகிறவர், மாத்திரையைக் கூட்ட விரும்பாதவர் அல்லது கூட்ட முடியாதவர், தினமும் 20 நிமிடம் ஒதுக்கப் பொறுமை உள்ளவர். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் செஃபாலி டூயல் முயன்று பார்க்கத் தக்க கருவி. மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டு இருந்தும் பயனில்லை. இந்தக் கருவி தோற்றுப்போகும் இடங்களில் பல அங்கேதான் இருக்கின்றன.

பெல்ஜியத்து நிறுவனத்தின் தயாரிப்பு. தலைப்பட்டை போல மாட்டிக்கொள்ளும் பழைய மாடலுக்கு 2014-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தடுப்புச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. வலி வந்தபின் பயன்படுத்தும் முறைக்கு 2017-இல் அனுமதி கிடைத்தது. 2020-இல் மருந்துச்சீட்டு இல்லாமலே அங்கு வாங்கலாம் என்றானது. டூயல் என்ற பெயரில் வருவது இந்த இரண்டு முறைகளும் ஒன்றாக உள்ள சிறிய மாடல். புருவத்துக்கு மேலே மின்சாரத்தைத் தோலுக்குக் கடத்தும், பசையுள்ள எலக்ட்ரோடு ஒன்றை ஒட்டி, அதன்மேல் கருவியை வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். இயக்க ஒரே பொத்தான்தான்.

முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் டிரைஜெமினல் நரம்பின் மேல்கிளை நெற்றியில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. ஒற்றைத் தலைவலியின் வலிச் செய்தி இந்த நரம்பு மண்டலத்தின் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. கருவி அந்தக் கிளைக்குச் சிறுசிறு மின்துடிப்புகளைக் கொடுக்கிறது: தடுப்பு முறையில் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 துடிப்பு) 20 நிமிடம், வலி முறையில் 100 ஹெர்ட்ஸில் 60 நிமிடம். இரண்டிலும் உச்ச மின்னோட்டம் 16 மில்லி ஆம்பியர். தினமும் செய்யச் செய்ய அந்த மண்டலத்தின் துடுக்கு தணிகிறது என்பதுதான் தடுப்பு முறையின் அடிப்படை. அதனால்தான் நாலு நாள் செய்துவிட்டு நாலு நாள் விட்டால் ஒன்றும் நடப்பதில்லை.

எவ்வளவு பலன்? விளம்பரத்தை விட்டு ஆய்வைப் பார்ப்போம். 2013-இல் நியூராலஜி இதழில் வந்த பெல்ஜியத்து ஆய்வில் 67 பேர், மூன்று மாதம், தினமும் 20 நிமிடம். நிஜக் கருவி வைத்தவர்களுக்கு மாதத்தில் ஒற்றைத் தலைவலி நாள் சராசரி 6.94-இலிருந்து 4.88 ஆனது. ஒப்பிடுவதற்காகப் போலிக் கருவி வைத்தவர்களுக்கு 6.54-இலிருந்து 6.22. அந்த நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தவர்கள் நிஜக் கருவியில் 38.1 சதவீதம், போலியில் 12.1 சதவீதம். சராசரியில் மாதத்துக்கு இரண்டு நாள் மிச்சம். இது அற்புதமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: போலிக் கருவி கொடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது, தோலில் உறைப்பதே இல்லை. தன் நெற்றியில் இருப்பது நிஜமா போலியா என்று ஆய்வில் இருந்தவர் ஊகிக்க முடியும். இந்த வகைக் கருவி ஆய்வுகள் எல்லாவற்றிலும் உள்ள ஓட்டை இது. எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் கழித்துக்கொள்வது நல்லது.

வலி வந்தபின் செய்யும் முறைக்குப் பெரிய ஆய்வு 2022-இல் வெளியானது. 538 பேர், வீட்டிலேயே, வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் வைத்து 2 மணி நேரம், அதாவது மேலே சொன்ன 60 நிமிடத்தைப்போல் இரு மடங்கு. இரண்டு மணி நேர முடிவில் வலி முற்றிலும் போனவர்கள் 25.5 சதவீதம், போலியில் 18.3. தங்களை மிகவும் படுத்துவது என்று சொன்ன அறிகுறி, அதாவது குமட்டலோ ஒளிக்கூச்சமோ ஒலிக்கூச்சமோ, போனவர்கள் 56.4 சதவீதம்; போலியில் 42.3. ஆக, இந்த முறையை மாத்திரைக்கு மாற்றாக எண்ணி வாங்குகிறவர் பெரும்பாலும் ஏமாறுவார். மாத்திரையோடு சேர்த்து, அல்லது மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற மாத்திரைக் கணக்கு நிரம்பிவிட்ட வாரத்தில் கைகொடுக்க என்றால் சரி.

இனி ஒட்டும் விதம். "எனக்கு வேலை செய்யவில்லை" என்ற புகாரைத் தோண்டினால் பல சமயம் இங்கே வந்து நிற்கும்.

நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் போகும்வரை காத்திருக்க வேண்டும். மாய்ச்சரைசர், சன்ஸ்கிரீன், தலையிலிருந்து இறங்கிய எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கின்மேல் ஒட்டிய ஜெல் சில இடங்களில் மட்டும் தோலைத் தொடும். மொத்த மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகள் வழியாகவே பாயும். கூச்சமாக இருக்க வேண்டியது ஊசி குத்தலாக மாறுவது இதனால்தான். பலர் அதைக் கருவியின் பலம் என்று நினைத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள்.

எலக்ட்ரோடின் நடு, மூக்குத் தண்டின் நேர்மேலே வர வேண்டும். கீழ்விளிம்பு புருவத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நெற்றியின் நடுவில் உயரமாக ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு: நரம்பு புருவ எலும்பின் விளிம்பிலிருந்து மேலேறுகிறது, உயரப் போகப் போகக் கிளை பிரிந்து மெலிகிறது. சரியாக ஒட்டியிருந்தால் கூச்சம் இரண்டு பக்கமும் சமமாகக் கிளம்பி உச்சந்தலையை நோக்கி ஏறும். ஒரு பக்கம் மட்டும் உறைத்தால் கோணலாக இருக்கிறது என்று பொருள். நிறுத்தி, பிரித்து, மறுபடி ஒட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று ஒட்டுவதுதான் எளிது.

தொடக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். தடுப்பு முறையில் மின்னோட்டம் சுமார் 14 நிமிடம் வரை ஏறிக்கொண்டே போய், பிறகு நிலைகொள்ளும். ஏழு எட்டு நிமிடத்தில் பலருக்குத் தாங்காது என்று தோன்றும். அப்போது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அந்த அளவிலேயே நிற்கும். மீதி நேரம் அதற்குமேல் ஏறாது. கையேட்டில் இருக்கிறது, ஆனால் படிக்காமல் முதல் நாளே பிய்த்தெறிந்தவர்கள் நிறைய. முதல் வாரம் தாங்கும் அளவில் நிறுத்தி, ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் தள்ளி அழுத்தப் பழகினால், இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவும் பழகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் நாளே முழுசாகச் செய்வதில் பெருமை இல்லை. கூச்சம் பிடிக்காமல் இரண்டாவது நாளே விட்டுவிடுவதற்கு அதுதான் வழி.

செய்யும்போது தூக்கம் வரலாம். இது அறியப்பட்ட விளைவு. வண்டி ஓட்டும்போது கூடாது. படுக்கப் போகுமுன் செய்வதே உத்தமம். தூங்கும் நேரமும் ஒழுங்குக்கு வரும், மறந்தும் போகாது.

வலி முறைக்கு நேரம்தான் எல்லாம். ஒற்றைத் தலைவலி முற்றும்போது பலருக்கு நெற்றித் தோலே தொடப் பொறுக்காது: தலை வாரினால் வலிக்கும், கண்ணாடி போட்டால் வலிக்கும். அந்தக் கட்டத்தில் அங்கே எலக்ட்ரோடு ஒட்டி மின்சாரம் கொடுப்பது வதைதான். வலி லேசாக இருக்கும்போதே, முடிந்தால் அது தொடங்குமுன் வரும் அறிகுறிகளின்போதே ஒட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே தோல் எரிகிறவருக்கு இந்தக் கருவியின் வலி முறை ஒத்துவராது. அவருக்கு மேற்கையில் கட்டும் நெரிவியோ (Nerivio) என்ற கருவி பொருந்தலாம். 45 நிமிடம், கைப்பேசிச் செயலி வழியாக இயங்குவது, தலையைத் தொடுவதே இல்லை. கழுத்தில் வைக்கும் காமாகோர் இன்னொன்று. அது குறிவைப்பது வேகஸ் என்ற வேறு நரம்பை.

எலக்ட்ரோடு தேயும் பொருள். ஒன்று ஏறத்தாழ 20 முறை வரும் என்கிறார்கள். வியர்க்கும் நெற்றிக்கும் எண்ணெய்த் தோலுக்கும் அதைவிடக் குறையும். கழற்றியதும் அதன் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி, உறைக்குள் போட்டு வைக்க வேண்டும். திறந்து வைத்தால் ஜெல் காய்ந்து ஓரத்தில் மேலெழும்பும். ஓரம் எழும்பினால் மேலே சொன்ன ஊசி குத்தல். ஜெல்லை விரலால் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். கருவியின் விலையோடு நிற்காமல், தினமும் செய்கிறவருக்கு வருடத்துக்கு 18, 19 எலக்ட்ரோடு வேண்டும் என்று கணக்குப் போட்ட பிறகே வாங்கும் முடிவை எடுக்க வேண்டும். இந்தத் தொடர் செலவு எனக்குப் பிடிக்காத அம்சம்.

கழற்றியதும் நெற்றி சற்றுச் சிவந்திருப்பது இயல்பு, சீக்கிரம் போய்விடும். மறுநாளும் சிவப்போடு அரிப்போ கொப்புளமோ இருந்தால் அது ஜெல்லில் உள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். நிறுத்த வேண்டும், ஒவ்வாமை குறைந்த ஜெல் உள்ள வகையும் கிடைக்கிறது. பேஸ்மேக்கர், உள்ளே பொருத்திய டிஃபிப்ரிலேட்டர் போன்ற இதயக் கருவிகள், தலைக்குள் உலோகமோ மின்கருவியோ உள்ளவர்களுக்கு இது கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தலைவலி ஒற்றைத் தலைவலிதானா என்று யாரும் பார்த்துச் சொல்லாத நிலையிலும் வாங்க வேண்டாம். திடீரென்று நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் பலவீனத்தோடு வரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி எல்லாம் மருத்துவமனை விஷயம்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நினைவை நம்பினால் தெரியாது. மோசமான மாதத்தில்தான் எவரும் கருவி தேடுவார்கள்; அடுத்த மாதம் எதுவும் செய்யாமலே கொஞ்சம் தணியும். பெயர் கருவிக்குப் போய்விடும். ஆகவே கருவி கைக்கு வந்தாலும் 28 நாள் பெட்டியைத் திறக்காமல் நாட்குறிப்பு மட்டும் எழுதுவது சரியான வழி. தலைவலி வந்ததா, உச்சம் பத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த மாத்திரை எத்தனை, தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாதவிடாய் நாள். செயலி வேண்டும் என்பதில்லை, நோட்டு போதும்; திரை வெளிச்சம் பொறுக்காத நாளில் நோட்டே மேல். மாதவிடாயையொட்டி வலி வருகிறவர்கள் ஒப்பிடும் இரண்டு 28 நாள்களிலும் ஒவ்வொரு சுழற்சி அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே நோட்டு வலியைத் தூண்டுவது எது என்பதையும் காட்டிக்கொடுக்கும், சரியாகப் படித்தால். சந்தேகப்படும் காரணி ஒவ்வொன்றுக்கும் நான்கு கணக்கு வேண்டும்: காரணி இருந்து வலி வந்த நாள், இருந்தும் வராத நாள், இல்லாமலே வந்த நாள், இரண்டும் இல்லாத நாள். எல்லோரும் முதல் கணக்கை மட்டுமே ஞாபகம் வைத்திருப்பார்கள். கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மேல் திடீர் ஆசை, எரிச்சல் ஆகியவை வலிக்குச் சில மணி முதல் இரண்டு நாள் முன்பே வரக்கூடிய முன்னறிகுறிகள். தாக்குதல் அப்போதே தொடங்கிவிட்டது. இனிப்புச் சாப்பிட்டதால் வலி வந்தது என்று இனிப்பைத் தள்ளிவைக்கிறோம், உண்மையில் வலி வரவிருந்ததால் இனிப்புக் கேட்டது. கழுத்துப் பிடிப்புக்குத் தலையணை மாற்றுவதும் இதே கதை. முன்னறிகுறி தெளிவாகத் தெரிகிறவருக்குத்தான் வலி முறையை நேரத்தோடு தொடங்கும் வாய்ப்பும் அதிகம்.

நோட்டில் எழுதிய மாத்திரைக் கணக்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும். டிரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மாத்திரை வகையோ கலவை வலி நிவாரணியோ மாதத்துக்கு 10 நாள், அல்லது பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவை 15 நாள் என்ற அளவை எட்டி மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். அந்த நிலையில் நெற்றியில் எதை ஒட்டினாலும் பலன் மங்கலாகத்தான் தெரியும். மருத்துவரோடு சேர்ந்து அதைச் சரிசெய்வது முதல் வேலை.

பழைய மாடலை வாடகைக்கு எடுத்த 2,313 பேரிடம் நடந்த கணக்கெடுப்பு ஒன்று 2013-இல் வந்தது. 53.4 சதவீதம் பேர் திருப்தியடைந்து வாங்கினார்கள். மற்றவர்கள் திருப்பி அனுப்பிய கருவிகளின் பதிவைப் பார்த்தால், சொல்லப்பட்ட நேரத்தில் சராசரியாக 48.6 சதவீதம்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள், அவர்களில் 4.46 சதவீதம் பேர் கருவியை ஆன் செய்யவே இல்லை! பக்கவிளைவு சொன்னவர்கள் மொத்தத்தில் 4.3 சதவீதம் மட்டுமே.

மூன்று மாதம் முடிந்ததும் கடைசி 28 நாளை முதல் 28 நாளோடு வைத்துப் பார்க்கலாம். தலைவலி நாளோ மாத்திரை நாளோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அளவுகோல். குறையவில்லை, 90-இல் 70 நாளாவது ஒழுங்காகச் செய்தும் இருக்கிறீர்கள் என்றால், இன்னொரு எலக்ட்ரோடு பெட்டி வாங்க வேண்டாம். இந்தக் கணக்குக்கே முதல் 28 நாளும் சேர்த்து நாலு மாதம் ஆகும். விற்பவரின் திருப்பித் தரும் கெடு அதைவிடக் குறைவாக இருந்தால், நாட்குறிப்பை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஆர்டர் போடுங்கள். கெடு பெட்டி வந்த நாளிலிருந்தா, முதலில் ஆன் செய்த நாளிலிருந்தா என்பதையும், பிரித்த எலக்ட்ரோடைத் திரும்ப எடுப்பார்களா என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.